சாவை வெல்ல நினைத்த ஞானி! வானத்துக்கு வழி கண்ட வாத்தியார்!

செத்துப்போனவர்களை எல்லாம் மனிதனே உயிரோடு எழுப்ப வேண்டும் என்று ஒருவர் சொன்னால், நாம் என்ன நினைப்போம்?

"பாவம், மூளை குழம்பிவிட்டது" என்போம். அல்லது, "இவர் பெரிய மகான்" என்று காலில் விழுவோம்.

ரஷிய நாட்டில் அப்படிச் சொன்னவர் ஒருவர் இருந்தார். அவர் பைத்தியக்காரர் அல்ல. தம்மை மகான் என்று சொல்லிக்கொண்டவரும் அல்ல. ஒரு நூல் நிலையத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் ஊழியர்.

இறந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்தால், அத்தனை பேரையும் எங்கே குடி வைப்பது?

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. இந்தப் பூமி போதாது. மற்ற கிரகங்களுக்குப் போக வேண்டியதுதான் என்றார். அப்போது உலகத்தில் ஆகாய விமானம்கூடக் கிடையாது!

பிற்காலத்தில், வானவெளிக்கு முதல் மனிதனை அனுப்பியது ரஷியாதான். அதனால், "அந்த ஞானிகளின் தத்துவம்தான் ராக்கெட்டைப் பெற்றெடுத்தது" என்று சிலர் எழுதுகிறார்கள். வேறு சிலரோ, "ஞானமாவது, மண்ணாங்கட்டியாவது! எல்லாம் விஞ்ஞானம்தான்" என்று அடித்துப் பேசுகிறார்கள்.

இரு தரப்பாரும் சொல்வது பாதி உண்மை என்பதே என் கருத்து. எது எந்தப் பாதி என்று பார்ப்போம்.

பெட்டியின்மேல் படுத்தவர்

அந்த ஊழியரின் பெயர் நிக்கோலாய் பெடரோவ். 1829-ம் ஆண்டில் பிறந்தவர்.

அவருடைய தகப்பனார் ஒரு பிரபு. பெயர், பாவெல் ககாரின். தாயாரை அவர் முறைப்படி மணந்துகொள்ளவில்லை. ஆகவே, பிள்ளைக்குத் தகப்பனாரின் குடும்பப் பெயர் கிடைக்கவில்லை.

ககாரின் என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். வானவெளிக்குப் போன முதல் மனிதரான யூரி ககாரின்! ஆனால், இரண்டு குடும்பங்களுக்கும் உறவு கிடையாது. யூரி, கூட்டுப் பண்ணையில் தச்சு வேலை பார்த்தவரின் மகன்.

பெயர்ப் பொருத்தம் தற்செயலாக அமைந்தது. இதையே பெரிய அற்புதமாகச் சொல்லித் திரிகிறவர்களும் உண்டு. நாம் அப்படிச் செய்ய வேண்டாம்.

பெடரோவ், மாஸ்கோ நகரில் ருமியன்சேவ் அருங்காட்சி சாலையின் நூல் நிலையத்தில் 1874-ம் ஆண்டில் சேர்ந்தார். சுமார் 25 ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறிய அறையில் குடியிருந்தார். மெத்தை கிடையாது, ஒரு பெட்டியின்மேல் படுத்துக்கொள்வார். ரொட்டியும் தேநீருமே பெரும்பாலும் அவருடைய சாப்பாடு. சம்பளத்தில் பெரும் பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். சம்பளத்தை உயர்த்துகிறோம் என்றால் வேண்டாம் என்பார்.

தம்மைப் படம் பிடிக்கவும் சம்மதிக்க மாட்டார். ஓவியர் லியோனித் பாஸ்டர்நாக் அவருக்குத் தெரியாமல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. அவருடைய முகத்தை நாம் இன்று அறிய அது உதவுகிறது.

உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் டால்ஸ்டாய் அவரிடம் பழகியவர். அவரிடம் பெரும் மதிப்பு வைத்திருந்தவர். மற்றொரு பெரிய எழுத்தாளர் டாஸ்டாவ்ஸ்கி, 1878-ம் ஆண்டில் பெடரோவின் கொள்கையை ஒரு சீடரின் மூலம் அறிந்து வியப்படைந்தார்.

பிள்ளைகளின் கடன்

பெடரோவ் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தி உள்ளவர். ஆனால், கையைக் கட்டிக்கொண்டு பிரார்த்தனை மட்டும் செய்தால் போதாது என்று நினைத்தார்.

மனிதனுக்கு உண்மையான எதிரி மற்றொரு மனிதன் அல்ல, சாவுதான் எதிரி. பசி, பஞ்சம், நோய் ஆகிய மூன்றும் சாவின் வேலைக்காரர்கள். இது அவருடைய கொள்கையின் முதல் படி.

அடுத்த படி இன்னும் உருக்கமானது. நமக்கு உயிர் கொடுத்தவர்கள் தாயும் தகப்பனும். அவர்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள். நாம் உண்டு, உடுத்து, சிரித்துக்கொண்டு இருக்கிறோம். இது தீர்க்கப்படாத கடன். அவர்கள் கொடுத்த உயிரை அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதே பிள்ளைகளின் கடமை!

எப்படிக் கொடுப்பது? மந்திரத்தால் அல்ல, விஞ்ஞானத்தால். உடல் அழிந்தாலும் அது எந்த அணுக்களால் ஆனதோ அந்த அணுக்கள் எங்கோ சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடிச் சேர்த்து, மீண்டும் மனிதனாக்க வேண்டும். ஒரு சில மேதைகள் மட்டும் அல்ல. உலக மக்கள் எல்லோரும் சேர்ந்து அந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டும். இதற்கு, "பொதுக் கடமை" என்று அவர் பெயர் வைத்தார்.

ராணுவங்களைப் பற்றியும் அவர் ஒரு யோசனை சொன்னார். இவ்வளவு ஆட்களும் வெடிமருந்தும் மனிதர்களைக் கொல்லவா? இவற்றைப் பஞ்சத்தின்மேல் ஏவக்கூடாதா?

1891-ம் ஆண்டில் ரஷியாவில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. அதே ஆண்டில், அமெரிக்காவில் வெடி வெடித்து மழை பெய்விக்க முடியுமா என்று சோதனை நடத்தினார்கள். அந்தச் செய்தி பெடரோவுக்கு மிகுந்த நம்பிக்கை கொடுத்தது. ஆனால், வெடி வெடித்தது. மழை அதற்குக் கட்டுப்படவில்லை. சோதனை தோற்றது.

யோசனையின் நோக்கம் நல்லது, வழி தப்பு. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

1903-ம் ஆண்டின் கடைசியில் பெடரோவ் காலமானார். தம் பெயரில் புத்தகம் வெளியிட அவர் விரும்பியதே இல்லை. இரண்டு சீடர்கள்தான் அவருடைய எழுத்துக்களைத் திரட்டினார்கள். முதல் பாகம் 1906-ம் ஆண்டில் அச்சாயிற்று. மொத்தம் 480 பிரதிகள். விற்பனைக்கு அல்ல, கேட்டவர்களுக்கு இனாம்!

காது கேளாத பையன்

பெடரோவ் வேலை பார்த்த நூல் நிலையத்துக்கு ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். பெயர், கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி. 1857-ம் ஆண்டில் பிறந்தவன்.

சுமார் 10 வயதில் அவனுக்கு விஷ ஜுரம் வந்தது. உயிர் தப்பியது, காது போயிற்று. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்வது கேட்கவில்லை. படிப்பு நின்றது. சில ஆண்டுகளில் தாயாரும் இறந்துவிட்டார்.

பையனுக்குப் புத்தகமே ஆசிரியர் ஆயிற்று. அவனுடைய ஆர்வத்தைக் கண்ட தகப்பனார், 1873-ம் ஆண்டில் அவனை மாஸ்கோவுக்கு அனுப்பினார். அப்போது அவனுக்கு வயது சுமார் 16.

மாதம் 10 ரூபிள், 15 ரூபிள் என்று வீட்டில் இருந்து பணம் வரும். அதில் சாப்பாட்டுக்கு அவன் செலவிட்டது 90 கோபெக்; அதாவது, ஒரு ரூபிள்கூட இல்லை! மூன்று நாளைக்கு ஒரு முறை 9 கோபெக்குக்குக் கருப்பு ரொட்டி வாங்குவான். ரொட்டியும் தண்ணீரும்தான் ஆகாரம். மீதிப் பணம் புத்தகத்துக்கும் சோதனைச் சாமான்களுக்கும் போய்விடும்.

நாள் முழுதும் நூல் நிலையத்தில் கிடப்பான். அவனுக்கு வேண்டிய புத்தகங்களைத் தேடிக் கொடுத்தவர் பெடரோவ். வெளியே கிடைக்காத, தடை செய்யப்பட்ட புத்தகங்களையும் கொடுத்தார்.

கிரகங்களுக்குப் போவதைப்பற்றி இருவரும் பேசினார்களா? பேசியதற்கு எந்தச் சான்றும் இல்லை. தமக்கு வானவெளி ஆசையை முதலில் ஊட்டியவர், பிரெஞ்சுக் கதை ஆசிரியர் ஜூல்ஸ் வெர்ன் என்று சியோல்கோவ்ஸ்கியே பிற்காலத்தில் எழுதினார்.

"ஞானி சீடனின் காதில் ரகசியம் ஓதினார், சீடன் ராக்கெட் செய்தான்" என்று கதை கட்டுவது சுலபம். அது கதைதான்.

ஆனால், ஒன்று மட்டும் நிச்சயம். பள்ளிக்கூடம் கைவிட்ட ஒரு காது கேளாத ஏழைப் பையனை, அந்த நூல் நிலைய ஊழியர் விரட்டி அடிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். ரகசியம் ஓதுவதைவிட இது பெரிய காரியம் என்பேன்.

4 போதாது, 16 வேண்டும்!

பையன் வளர்ந்து பள்ளி ஆசிரியர் ஆனார். 1892-ம் ஆண்டு முதல் கலூகா என்ற ஊரில் வாழ்ந்தார். தகரத்தில் தாமே செய்த புனல் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார்.

பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரம் எல்லாம் கணக்கு.

வானவெளியில் காற்று கிடையாது. காற்று இல்லாத இடத்தில் விமானத்தின் இறக்கை பயன்படாது. பிறகு எப்படிப் போவது?

ஒரு பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விட்டுப் பாருங்கள். காற்று பின்னால் பீறிடும். பலூன் முன்னால் பாயும். ராக்கெட்டும் அப்படித்தான். எரிந்த வாயு பின்னால் பாய்கிறது. ராக்கெட் முன்னால் போகிறது. அது பாய்வதற்குச் சுற்றிலும் காற்று வேண்டியது இல்லை.

இது பலருக்கும் தெரிந்த விஷயம். சியோல்கோவ்ஸ்கி செய்தது என்ன? "எவ்வளவு எரிபொருள் கொண்டுபோனால் எவ்வளவு வேகம் கிடைக்கும்?" என்று கணக்குப் போட்டார். 1897-ம் ஆண்டு மே 10-ந் தேதியிட்ட தாளில் அந்தக் கணக்கு இருக்கிறது.

அதை எளிதாகச் சொல்கிறேன்.

காலி ராக்கெட்டின் எடை 1 டன். எரிபொருளையும் சேர்த்தால் 4 டன். எரிபொருள் தீரும்போது ராக்கெட்டுக்கு ஒரு வேகம் கிடைக்கிறது. அந்த வேகம் இரண்டு மடங்கு ஆக வேண்டுமா? மொத்த எடை 8 டன் இருந்தால் போதும் என்று நினைப்போம். தப்பு. 16 டன் வேண்டும்! மூன்று மடங்கு வேகத்துக்கு 64 டன் வேண்டும்!

ஏன்? பின்னால் எரியப்போகும் எரிபொருளையும் ராக்கெட்டே சுமந்துகொண்டு போக வேண்டும் அல்லவா?

பூமியைச் சுற்றி வர, விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் வேகம் தேவை. சாதாரண வெடிமருந்து அதற்கு உதவாது. ஆகவே, திரவமாக்கிய ஹைட்ரஜனையும் திரவமாக்கிய பிராணவாயுவையும் எரிக்கலாம் என்று அவர் சொன்னார். ஒரே ராக்கெட்டாக இல்லாமல், ரயில் பெட்டிகள்போல் பல ராக்கெட்டுகளை இணைத்து, எரிந்து தீர்ந்ததைக் கழற்றி விடலாம் என்று 1929-ம் ஆண்டில் எழுதினார்.

முக்கியமான கட்டுரை 1903-ம் ஆண்டில், அதாவது பெடரோவ் இறந்த அதே ஆண்டில், வெளிவந்தது. அப்போது அதை அநேகமாக யாரும் கவனிக்கவில்லை.

அவருக்கு வீட்டிலும் நிம்மதி இல்லை. 7 பிள்ளைகளில் 5 பேர் அவருக்கு முன்பே இறந்துவிட்டார்கள். 1908-ம் ஆண்டில் ஓக்கா நதி பெருகி வீட்டுக்குள் புகுந்தது. எழுதி வைத்திருந்த தாள்கள் பல பாழாயின. மனிதர் மீண்டும் உட்கார்ந்து எழுதினார்!

வாத்தியாரின் மற்றொரு முகம்

இவ்வளவு கணக்குப் போட்ட மனிதர், கணக்குக்கு அகப்படாத பலவற்றையும் நம்பினார்.

ஒவ்வொரு அணுவுக்கும் ஓரளவு உணர்ச்சி உண்டு என்றார். உண்மையான சாவு என்பதே கிடையாது. அணுக்கள் ஓர் உடலை விட்டு மற்றோர் உடலுக்குப் போகின்றன என்றார். நம்மைவிட உயர்ந்த உயிர்கள் பிரபஞ்சம் எங்கும் வாழ்கின்றன என்றார்.

பூமி மனிதனுக்குத் தொட்டில். எந்தக் குழந்தையும் தொட்டிலிலேயே இருந்துவிட முடியாது என்பது அவருடைய புகழ் பெற்ற கருத்து.

இவை அழகான எண்ணங்கள். ஆனால், அதே ஏட்டில் அச்சம் தரும் பக்கமும் இருக்கிறது.

பிரபஞ்சத்தில் துன்பமே இருக்கக்கூடாது என்று விரும்பினார் அல்லவா? அதற்கு அவர் கண்ட வழி என்ன? குறைபாடு உள்ள உயிர்களுக்குச் சந்ததி இல்லாமல் செய்துவிட வேண்டும்! வலி தெரியாமல், மெதுவாக, அந்த இனங்களே மறைந்துவிட வேண்டும்! மனிதர்களையும் அப்படித் தேர்ந்தெடுத்து உயர்த்த வேண்டும்!

காது கேளாத அந்தப் பையனையே அப்படி யாராவது "குறையுள்ளவன்" என்று ஒதுக்கி இருந்தால்?

இதை அவர் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பெரிய கனவு காண்கிறவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. கோடிக்கணக்கான நட்சத்திரங்களைப் பார்த்துப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் மனிதன் சிறியவனாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறான்.

இந்த இடத்தில் பெடரோவ் உயர்ந்தவர். அவருடைய கனவில் ஒருவரும் தள்ளப்படவில்லை. நொண்டி, குருடு, ஏழை, பணக்காரன், எல்லோருடைய தாய் தகப்பனும் எழுந்து வர வேண்டும் என்றார். நடக்க முடியாத கனவுதான். ஆனால், யாரையும் நசுக்காத கனவு.

சூரியனும் புரட்சியும்

கலூகாவில் சியோல்கோவ்ஸ்கிக்கு ஓர் இளம் நண்பர் இருந்தார். பெயர், அலெக்சாண்டர் சிஷெவ்ஸ்கி.

சூரியனின் முகத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை அவை மிகுதியாகும், பிறகு குறையும். பழைய சரித்திரத்தைப் புரட்டிய சிஷெவ்ஸ்கி, புள்ளிகள் பெருகும் காலத்தில்தான் போர்களும் புரட்சிகளும் மிகுதி என்று 1924-ம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார்.

1917-ம் ஆண்டில் ரஷியப் புரட்சி. அந்த ஆண்டில் சூரியப் புள்ளிகளும் உச்சம்! கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஆனால், முதல் உலகப் போர் 1914-ம் ஆண்டில் மூண்டது. அப்போது சூரியன் அடங்கிக் கிடந்த காலம்! பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருந்தாததை விட்டுவிட்டால் எதையும் நிரூபித்துவிடலாம். அரசர்களின் பேராசையையும் மக்களின் பசியையும் சூரியன்மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

அப்படியானால் சிஷெவ்ஸ்கி சொன்னது எல்லாம் பிதற்றலா? இல்லை. சூரியனின் கொந்தளிப்பு பூமியைத் தாக்குகிறது என்பது மெய். 1989-ம் ஆண்டு மார்ச் 13-ந் தேதி, சூரியனில் எழுந்த புயலால் கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் மின்சாரம் நின்றது. சுமார் 60 லட்சம் மக்கள் 9 மணி நேரம் இருளில் இருந்தார்கள்.

ஒரே மனிதர் சொன்ன இரண்டு விஷயங்களில் ஒன்று நின்றது, மற்றது விழுந்தது. நிறுத்தியதும் வீழ்த்தியதும் சோதனைதான். சொன்னவரின் பெருமை அல்ல.

குண்டு சுமக்கப் பிறந்தது

சரி, சியோல்கோவ்ஸ்கியின் காகிதக் கணக்கு நிஜ ராக்கெட் ஆனது எப்படி?

கனவு ஒருவரிடம் இருந்து ஒருவருக்குப் பரவியது. பிரெடெரிக் சாண்டர் என்ற என்ஜினீயர் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் பித்துப் பிடித்தவர். தம் மகளுக்கு அஸ்ட்ரா, அதாவது நட்சத்திரம், என்று பெயர் வைத்தார். மகனுக்கு மெர்க்குரி, அதாவது புதன், என்று பெயர் வைத்தார்! மாஸ்கோவில் ராக்கெட் ஆராய்ச்சிக் குழு ஒன்றை நடத்தினார். 1933-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி அந்தக் குழுவின் ராக்கெட் சுமார் 400 மீட்டர் உயரம் பறந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்பு ஜுரத்தில் இறந்துவிட்டார்.

ஒடெசா நகரில் குளுஷ்கோ என்ற சிறுவன் சியோல்கோவ்ஸ்கிக்குக் கடிதம் எழுதினான். பெரியவர் பதில் போட்டார். அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் ரஷியாவின் பெரிய ராக்கெட் என்ஜின்களைச் செய்தவர்.

சாண்டரின் குழுவில் இருந்த மற்றொருவர் செர்கே கோரலெவ். 1938-ம் ஆண்டில் ஸ்டாலின் ஆட்சி அவரைப் பொய்க் குற்றம் சாட்டிப் பிடித்தது. கோலிமா என்ற பனிப் பிரதேசத்தின் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பியது. பற்கள் விழுந்து, நடைப்பிணம்போல் ஆனார். பிழைத்து வந்தவர், ரஷியாவின் தலைமை ராக்கெட் நிபுணர் ஆனார். சிஷெவ்ஸ்கியும் தப்பவில்லை. 1942-ம் ஆண்டில் கைதாகி 8 ஆண்டுகள் சிறைவாசம் அனுபவித்தார்.

கனவைப் போற்றிய நாடு, கனவு கண்டவர்களை இப்படி நடத்தியது!

இன்னோர் உண்மையையும் மறைக்கக்கூடாது. கோரலெவ் செய்த பெரிய ராக்கெட்டுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது ஏன்? கிரகங்களுக்குப் போவதற்கா? இல்லை. அணுகுண்டைச் சுமந்து அமெரிக்கா வரை போவதற்கு! தத்துவத்துக்காக எந்த அரசாங்கமும் அவ்வளவு பணம் கொட்டாது.

1957-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி, சியோல்கோவ்ஸ்கியின் நூற்றாண்டு விழா மாஸ்கோவில் நடந்தது. கோரலெவ் பேசினார். சரியாக 17 நாள் கழித்து, அக்டோபர் 4-ந் தேதி, குண்டு சுமக்கப் பிறந்த அந்த ராக்கெட், 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் என்ற சின்ன உருண்டையைச் சுமந்துகொண்டு வானம் ஏறியது. 1961-ம் ஆண்டு ஏப்ரல் 12-ந் தேதி, அதே இனத்து ராக்கெட்தான் யூரி ககாரினைச் சுமந்தது.

ராணுவத்தின் ஆயுதத்தை மனித குலத்தின் பொது வேலைக்குத் திருப்ப வேண்டும் என்றார் அல்லவா பெடரோவ்? அவர் கேட்டதில் ஒரு சிறு பங்கு அன்று நடந்தது. மறு பங்கு, அதாவது குண்டு, இன்னும் பல நாடுகளின் கிடங்குகளில் காத்துக்கொண்டிருக்கிறது.

தத்துவம் இல்லாமலும் வந்தது

தத்துவம் இல்லாவிட்டால் ராக்கெட்டே வந்திராதா?

வந்திருக்கும். அமெரிக்காவில் கோடார்டு என்ற விஞ்ஞானி 1926-ம் ஆண்டில் திரவ எரிபொருள் ராக்கெட்டை முதன்முதலில் பறக்கவிட்டார். ஜெர்மனியில் ஓபெர்த் 1923-ம் ஆண்டில் ராக்கெட் பற்றி நூல் எழுதினார். இவர்கள் பெடரோவின் சீடர்கள் அல்ல. கதைப் புத்தகம் படித்து ஆசை கொண்டவர்கள். மூவருக்கும் கணக்கு ஒரே விடையைத்தான் கொடுத்தது.

ஆசை எங்கிருந்தும் வரலாம். பக்தியில் இருந்து வரலாம். கதையில் இருந்து வரலாம். தாயை இழந்த துக்கத்தில் இருந்தும் வரலாம். விடை மட்டும் கணக்கில் இருந்துதான் வரவேண்டும்.

சியோல்கோவ்ஸ்கி சொன்ன அந்தத் திரவ ஹைட்ரஜன், நமக்கும் வேண்டியது ஆகிவிட்டது. 2023-ம் ஆண்டில் சந்திரயான்-3 ஐக் கொண்டுபோன இந்திய ராக்கெட்டின் மேல் அடுக்கில் எரிந்தது, திரவ ஹைட்ரஜனும் திரவப் பிராணவாயுவும்தான். அந்த வகை என்ஜினைத் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் எரித்துப் பார்த்துச் சோதித்தார்கள். அங்கே வேலை பார்ப்பவர்கள், அணுவுக்கு உணர்ச்சி உண்டு என்று நம்ப வேண்டிய அவசியம் இல்லை. கணக்கை நம்பினால் போதும்.

மூன்று கேள்விகள்

"பிரபஞ்ச சக்தி" என்ற பெயரில் காப்பு விற்பவர்களும் கல் விற்பவர்களும் இன்று மலிந்துவிட்டார்கள். "அந்தக் காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே இதை நம்பினார்கள்" என்று சியோல்கோவ்ஸ்கி போன்றவர்களைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: கணக்கு எங்கே? சியோல்கோவ்ஸ்கி தாளில் எழுதிக் காட்டினார். நீ காட்டு.

இரண்டு: மற்றவர்கள் சோதித்துப் பார்க்கலாமா? ராக்கெட் கணக்கை அமெரிக்காக்காரனும் ஜெர்மன்காரனும் போட்டுப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. உன் காப்பை டாக்டர் சோதித்துப் பார்க்கலாமா?

மூன்று: என் பணம் உனக்கு எதற்கு? பெடரோவ் சம்பளத்தையே தானம் செய்தார். அவருடைய புத்தகமும் இனாமாகத்தான் வந்தது.

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாதவரிடம் மணிபர்சைத் திறக்காதீர்கள்.

அதே சமயம், விபரீதமாகக் கேள்வி கேட்கிற ஒவ்வொருவரையும் பைத்தியம் என்று தள்ளிவிடவும் கூடாது. "செத்தவர்களை எங்கே குடி வைப்பது?" என்பது விபரீதமான கேள்விதான். ஆனால், கூட இருந்தவர்களை அது நிமிர்ந்து வானத்தைப் பார்க்க வைத்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை.

உங்கள் பிள்ளை ஒரு நாள் வானத்தைப் பார்த்துவிட்டு, "செத்துப்போன பாட்டி அங்கே இருக்கிறாளா? நாம் போய்ப் பார்க்க முடியுமா?" என்று கேட்கலாம். "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். "ஆமாம், நட்சத்திரம் ஆகிவிட்டாள்" என்று பொய்யும் சொல்லாதீர்கள்.

அந்த நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அங்கே போக எத்தனை ஆண்டு ஆகும் என்று ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்து, பிள்ளையோடு சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.